தாயாருக்கு எடுத்துவைத்த கற்பூரம்

என் மகள் திருப்பதியை அடுத்த ஏர்பேட்டுப் பக்கம் ஒரு பெரிய கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். கற்பூரத்தை ஆவியாக்கிக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிற அதே அலையைப் பாய்ச்சினால், குழாய்க்குள் ஒளி பிறக்குமாம். அந்த ஒளியில் கற்பூரம் உடைந்து, அதிலுள்ள கரி மட்டும் செம்புத் தகட்டின்மேல் ஓர் அணு கனத்துக்குப் படியுமாம். அதற்குப் பெயர் கிராபீன். எட்டாவதோடு நின்றவன் நான். எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். பல மாதமாக அது வெறும் கரிப்புகையாகவே படிந்து அவளை அழவைத்ததும் தெரியும்.

அதனால்தான் என் வீட்டுக்காரி திருச்சானூர்த் தாயாருக்கு ஒரு டப்பா கற்பூரம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை, ஷேர் ஆட்டோவில் கோயிலுக்குப் போகும்போது மகளின் போன் வந்தது.

"நைனா, அம்மா வாங்கின கற்பூரம் கையில கீதா?"

"கீது. ஏம்மா?"

"எங்களுது தீந்துபோச்சு, பார்சல் வரல. இங்க கடையில வாங்கினதுல மெழுகு கலந்துக்கீது. இன்னிக்கு விட்டா மெஷின் எனக்கு அடுத்த மாசந்தான். அதுக்குள்ள சாருக்கு ஒரு தகடாவது நல்லதா காட்டணும் நைனா."

சாமிக்கென்று எடுத்துவைத்ததை எப்படிக் கொடுப்பது? பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரி சொன்னாள்:

"அவளுக்காகத்தானே வேண்டிக்கினேன்! ஆட்டோவ ஏர்பேட்டுக்குத் திருப்பச் சொல்லுங்க."

"ஷேர் ஆட்டோம்மா இது, உங்க ஊட்டுக் காரா?" என்றார் டிரைவர். இறங்கி பஸ் பிடித்தோம்.

மகள் ஒரு துண்டைக் கரண்டியில் வைத்துக் கொளுத்திப் பார்த்தாள். எரிந்து முடிந்ததும் கரண்டி மெழுகுப் பிசுக்கு இல்லாமல் சுத்தமாக இருந்தது. அவள் முகம் மலர்ந்தது. எங்களைக் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். பம்பு இரைந்தது. சட்டென்று குழாய்க்குள் நாவற்பழ நிறத்தில் ஓர் ஒளி எழுந்து, ஆடாமல் நின்றது.

வீட்டுக்காரி இரண்டு கையையும் கண்ணாடிப் பக்கம் நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்றிருந்த, அவளோடு படிக்கிற தெலுங்குப் பையன் சிரித்தபடி தானும் ஒற்றிக்கொண்டான்.

ஆறியபின் தகட்டை எடுத்துக் காட்டினாள்.

"அடிப்பாவி, ஒண்ணுமே இல்லியே! என் கற்பூரமெல்லாம் எங்கடி போச்சு?"

"கரி கண்ணுக்குத் தெரிஞ்சாத்தாம்மா தப்பு. இரு, சோதிக்கிற மெஷின்ல வச்சுப் பாக்கறேன்."

கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஏறி இறங்கி இரண்டு மலையாக எழுந்தது. இரண்டாவது நல்ல உயரம்.

"ரெண்டுதானா? திருமலை மாதிரி ஏழு வரலியா?" என்றேன்.

"ரெண்டு போதும் நைனா! ரெண்டாவது ஒசந்தா ஓர் அணு கனந்தான்னு அர்த்தம். அந்த ரெண்டாவது மலை இவ்ளோ ஒசரமா எனக்கு வந்ததே இல்ல." சொல்லும்போதே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

சாயந்திரம் காலி டப்பாவோடு தாயார் முன் நின்றோம். வீட்டுக்காரி கைகூப்பிச் சொன்னாள்:

"ஏத்தியாச்சு தாயே. எங்கன்னு உனக்குத் தெரியும்."