பினாங்கில் சொன்ன ‘ஆகட்டுங்க’

1937-ஆம் வருஷம் ஜூலை மாதம் 12-ஆம் தேதி, திங்கட்கிழமை. விடியுமுன் எழுந்து வேப்பங்குச்சியால் பல் துலக்கினேன். கிணற்றடியில் குளித்து முகம் மழித்துக்கொண்டேன். முந்தின நாளின் டைரியை எழுதி முடித்தேன். எதையும் மறுநாள் காலையில் எழுதுவதுதான் என் வழக்கம். ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் கோபத்தில் வந்த சொற்களில் பாதி உதிர்ந்துவிடும். பிறகு கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுவிட்டு மொரப்பூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். சென்னையிலிருந்து வரும் ரயிலில் ஏஜெண்டு ஒருவர் வரவேண்டியிருந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிற டிப்போவின் ஏஜெண்டு அவர்.

வாசலில் என் மனைவி வழிமறித்தாள்.

“ஏனுங்க, இன்னிக்கு ஊருல ஆளு கூட்டறப்ப எங்கண்ணனும் வந்து நிப்பானுங்களா?”

“உங்கண்ணன் எதுக்கு வர்றான்? அவனுக்குத்தான் காடு இருக்குது, மாடு இருக்குது.”

“மழை பேயலியே. வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?”

“பாக்கலாம்.”

“ஊருக்குச் சொல்றதையே எனக்கும் சொல்றீங்க பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இருபது ஆட்களை டிப்போவில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பினாங்குக்கு அருகே ஒரு தோட்டத்தில் எனக்குக் கிராணி வேலை. அங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். சேர்க்காவிட்டால் வேலை கிடையாது. போன மனிதன் வெறுங்கையோடு திரும்பிவிட்டான் என்று ஊர் பேசும். நான் அங்கே கிராணியாகிவிட்டேன் என்று ஊர் நினைத்திருந்தது; விஷயம் முழுவதும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நான் பினாங்குக்குப் போனது ஆசையால் அல்ல. அரூரில் ஒரு புளி மண்டியில் பல வருஷம் கணக்கு எழுதினேன். முதலாளி இறந்ததும் பிள்ளைகள் மண்டியை மூடிவிட்டார்கள். முப்பத்தைந்து வயதுக்காரனைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் வேறு மண்டி இல்லை. அக்கரையில் படித்தவனுக்குப் பஞ்சமென்று யாரோ சொன்னதை நம்பிக் கப்பல் ஏறினேன்.

இறங்குவதற்கு முன்பே அருவருப்புத் தொடங்கிவிட்டது. கரை தொடுமுன் ஒரு தீவில் எங்களை அடைத்து வைத்தார்கள். துணிகளைப் பிடுங்கி மருந்து நீராவியில் போட்டு, கசங்கி மஞ்சள் பூத்த கந்தலாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆண்களை நிர்வாணமாக வரிசையில் நிறுத்தி, ஒருவன் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைப் போன்ற ஒன்றால் மருந்துத் தண்ணீரைப் பூசினான். பூசும்போது பக்கத்தில் இருந்தவனோடு தன் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். எங்களை ஒரு தடவைகூட அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பினாங்கில் ஒரு கருவாட்டுக் கடையின் மாடியில் தங்கினேன். பகலில் தூங்குகிறவர்கள் சிலர், இரவில் தூங்குகிறவர்கள் சிலர். பாய்கள் மட்டும் பொது. எனக்கு முந்தி படுத்து எழுந்தவனின் வியர்வை ஈரத்தின்மேல்தான் நான் படுக்கவேண்டும். என் துண்டை விரித்துப் படுத்துப் பார்த்தேன்; துண்டிலும் அந்த நாற்றம் ஏறிக்கொண்டது. கருவாட்டு நாற்றம் என் சட்டையிலும் சர்டிபிகேட்டிலும் பிடித்திருந்தது. வேலை கேட்டுப் போன ஒரு கம்பெனியில், சர்டிபிகேட்டை வாங்கிய குமாஸ்தா அதை முகத்துக்கு நேரே கொண்டுபோய், மூக்கைச் சுளித்து, படிக்காமலே திருப்பி நீட்டினார்.

எங்கே போனாலும் ஒரே கேள்வி. “எந்த ஊர்?” யாழ்ப்பாணம் என்றால் நாற்காலி. கொச்சி என்றாலும் நாற்காலி. சேலம் ஜில்லா என்றால் கை தெருப் பக்கம் நீண்டது. அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லாதான். “சேலத்து ஆளா? லயத்துக்குப் போ, அங்கே வேலை இருக்கும்” என்பார்கள். லயம் என்றால் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடு. நான் இங்கிலீஷில் பதில் சொன்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அதட்டலைவிட மோசம். பேசுகிற குரங்கைப் பார்த்த சிரிப்பு அது.

கடைசியில் ஒரு தோட்டத்தின் பெரிய கிராணி மட்டும் என்னை உட்காரச் சொன்னார். வெற்றிலை எச்சில் படிந்த பல்லை நகத்தால் சுரண்டிக்கொண்டே என் பேச்சைக் கேட்டார். அவர் உன்னிப்பாகக் கேட்டது என் படிப்பை அல்ல, வார்த்தைக்கு வார்த்தை நான் சேர்த்த ‘ங்க’வை.

“உங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் எங்கள் லயத்தில் ஒரு காலத்தில் இருந்தார்கள்” என்றார். “அடித்தாலும் ‘ஆமாங்க, சரிங்க’ என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஜனம் இருபது பேரைப் பிடித்துக்கொண்டு வா. கிராணி நாற்காலியில் உன்னை உட்கார வைக்கிறேன்.”

“ஆகட்டுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

எங்கள் பக்கத்தார் யாராக இருந்தாலும் அதன் பொருள் புரிந்திருக்கும். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்பது எங்கள் ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். கேட்டவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக ‘ஆகட்டுங்க’ என்போம். பெண் கேட்டு வந்தவருக்கும், ஏர் மாடு இரவல் கேட்டவருக்கும் அதே பதில்தான். கேட்டவரும் புரிந்துகொண்டு மோர் குடித்துவிட்டுப் போவார். உண்மையிலேயே சம்மதமென்றால் நாங்கள் பதிலே சொல்லமாட்டோம். திருப்பி ஒரு கேள்வி கேட்போம். “எப்பங்க வரட்டும்?” “யார் கூட வர்றதுங்க?” அதுதான் சம்மதம்.

பெரிய கிராணிக்கு இது தெரியாது. மறுநாள் அவர் அனுப்பிய பையன் ஒருவன் கருவாட்டுக் கடைக்கு வந்து ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். மறுக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் அது ஊருக்குப் போகிற கப்பல். வாய் தானாக மூடிக்கொண்டது.

அன்று மொரப்பூரில் ஏஜெண்டு ரயிலை விட்டு இறங்கியபோது தலை எண்ணெய் கழுத்துவரை வழிந்து காலரில் கறையாகியிருந்தது. பிளாட்பாரத்திலேயே ஒரு தரம் காறித் துப்பினார். “என்னய்யா ஊர் இது, காற்றுகூடக் கடன் கேட்டுத்தான் வரும்போலிருக்கு” என்று தானே சொல்லித் தானே சிரித்தார். வாடகை வண்டி பிடித்து எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழி நெடுக அவர் காய்ந்த காடுகளைப் பார்த்து, “நல்லது, நல்லது” என்றார். மழை பொய்த்ததை நல்லது என்று சொன்ன மனிதரை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். நான் அழைத்ததற்காக வந்த மரியாதைக் கூட்டம். ஏஜெண்டு ரப்பர் மரத்தின் படம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார்.

“இது பால் மரம். காலையில் கீறிவிட்டால் கிண்ணத்தில் பால் இறங்கும். அவ்வளவுதான் வேலை.”

“கன்னுக்குட்டி வுடணுங்களா?” என்றார் ஒருவர்.

“ஒதைக்காதுங்களே?” என்றார் இன்னொருவர்.

“தயிராவுதுங்களா, எப்படி?”

ஏஜெண்டு எல்லாருடனும் சேர்ந்து சிரித்தார். பிறகு, “தினம் மழை. வீடு இனாம், ஆஸ்பத்திரி இனாம். நீ வர்றியா?” என்று ஒவ்வொருவராகக் கைநீட்டினார்.

“ஆகட்டுங்க.”

“நீ?”

“ஆகட்டுங்க, வெள்ளாமை முடியட்டும், பாக்கலாங்க.”

“நீ?”

“வூட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு… ஆகட்டுங்க.”

சொன்னவர்கள் எல்லாரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று இதைவிடத் தெளிவாக எங்கள் ஊரில் ஒருவன் சொல்லமுடியாது. ஏஜெண்டோ விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். “பிரமாதமய்யா! ஒரே நாளில் இருபதும் தேறிவிடும். இத்தனை சுலபமாக எந்த ஜில்லாவிலும் கிடைத்ததில்லை” என்று என் முதுகில் தட்டினார். அந்தக் கை பட்ட இடத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சிரிப்பும் வந்தது. மெய்யான சம்மதம் ஒன்றுகூட இல்லாமல் இவர் போய் டிப்போவில் இருபது பேர் என்று சொல்வார், ஒருவனும் ரயிலேறமாட்டான், வேலை தானாக என்னைவிட்டுப் போகும், நான் யாருக்கும் ‘மாட்டேன்’ சொல்லவேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து என் மனைவியின் அண்ணன் முன்னே வந்தார். நல்ல உயரம், உழைத்து இறுகிய தோள். ஏஜெண்டின் கண் அகலமாயிற்று.

“இவன்தான் ஆள்!” என்று எழுந்துபோய் அவர் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். “வாயைத் திற” என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததால் வாயைத் திறந்தார். ஏஜெண்டு குனிந்து பற்களைப் பார்த்தார். பிறகு, வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்த விரலால் மச்சானின் கீழ் இமையை இழுத்து இரத்தம் இருக்கிறதா என்று சோதித்தார். சுண்ணாம்பு பட்டுக் கண் கலங்கி நீர் வழிந்தது. மச்சான் கையை எடுத்துத் துடைக்கவில்லை. மாப்பிள்ளை கூட்டிவந்த விருந்தாளி. தட்டிவிட்டால் மரியாதை இல்லை என்று அசையாமல் நின்றார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாடாவது தலையை ஆட்டும்.

“வர்றியா?” என்றார் ஏஜெண்டு.

மச்சான் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

“எப்பங்க பொறப்படறது? எம்மாட்ட யாருகிட்டங்க வுடறது?”

அது சம்மதம் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. ஏஜெண்டுக்கு மட்டும் புரியவில்லை. “இவன் யோசிக்கிறான், இவனை அப்புறம் பார்க்கலாம்” என்றார்.

“யோசனை என்னங்க” என்றார் மச்சான். “மாப்ள அங்க கிராணியா இருக்கறப்ப எனக்கென்னங்க பயம்?”

அதற்குமேல் என்னால் நிற்கமுடியவில்லை.

“மச்சான், நான் அங்க கிராணி இல்ல. எனக்கு அங்க வேலையே கெடைக்கல. உங்களக் கொண்டுபோய் வுட்டாத்தான் கெடைக்கும்.” பிறகு ஏஜெண்டிடம் திரும்பி, “நான் மாட்டேன். ஒரு ஆளையும் சேர்த்து அனுப்பமாட்டேன்” என்றேன்.

மண்டியில் இருந்த வருஷங்களில்கூட யாரிடமும் அந்த வார்த்தையை நேருக்கு நேர் சொன்னதில்லை.

“என்னய்யா உளறுகிறாய்? பினாங்கில் ஆகட்டும் என்றாயாமே!”

“எங்க ஊர்ல ஆகட்டுங்கன்னா இல்லைன்னு அர்த்தம்.”

அவர் விரித்து வைத்திருந்த விரல்களைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். “அப்படியானால் இவர்கள்?”

“அவங்களும் இல்லைன்னுதான் சொன்னாங்க.”

யாரோ பின்னால் ‘களுக்’கென்று சிரித்தார். ஒருவர் சிரித்ததும் கோயில் வாசல் முழுவதும் சிரித்தது. ஏஜெண்டின் முகம் கறுத்தது. என் சாதியையும் ஊரையும் படிப்பையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டினார். நான் திரும்பக் கப்பலேறினால் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பச் செய்வதாகச் சொன்னார். வண்டிக்காரர், “ரயிலு போயிருமுங்க” என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஏறிப் போனார். கோயில் சுவரில் அவர் துப்பிய சிவப்புக் கறையை யார் கழுவுவது என்று சற்று நேரம் பேச்சு நடந்தது.

மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அப்ப அங்க உங்களுக்கு ஒண்ணுமே கெடைக்கலீங்களா மாப்ள?”

“இல்ல மச்சான்.”

“வந்தன்னிக்கே சொல்லியிருந்தா நாலு நாளு சிரிச்சிட்டு வுட்டிருப்போமே. எம்பல்லை எதுக்குங்க அவனுக்குக் காட்ட வெச்சீங்க?”

எழுந்து அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டில் என் மனைவி அவருக்கு முதலில் சோறு போட்டாள். அண்ணனின் சிவந்த கண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாய்ப்பாலுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து அவர் கண்ணில் விட்டபடியே, “இனிமே கப்பலுங்களா, இங்கயேங்களா?” என்று கேட்டாள்.

“இங்கயேதான்.”

“இங்க என்ன வேலை இருக்குதுங்க?”

“ஒண்ணும் இல்லை” என்றேன். இல்லை என்பதை அன்று மறுபடியும் சொன்னபோது அத்தனை கஷ்டமாக இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அரூருக்குப் போனேன். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் உட்காரும் வரிசையைப் பார்த்தேன். நிழலான இடமெல்லாம் பிடித்தாகிவிட்டது. சாக்கடை ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் கிடந்தது. எச்சில் இலையும் மூத்திர நாற்றமுமாக இருந்தது. கடைத்தெருவுக்குப் போய் ஒரு துடைப்பம் வாங்கி வந்து அந்த இடத்தைப் பெருக்கினேன்.