மாமரத்துக்குச் சவரம்

தொண்ணூறுகளின் நடுவில் ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு முன்னால் ஒரு மாமரம் இருந்தது. சாவியைக் கொடுக்கும்போதே ஓனர் சொல்லிவிட்டார்: "சுவரு விழுந்தா கட்டிக்கலாம்ப்பா. மரத்துக்கு ஏதாவது ஆச்சு, அன்னிக்கே காலி பண்ணிடணும்." சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சு தமிழில், அதட்டல் மட்டும் கன்னடத்தில்.

யுகாதிக்கு முதல் நாள் காலை பல் தேய்த்தபடி முதல்முறையாக மரத்தை நன்றாக அண்ணாந்து பார்த்தேன். கிளைகளில் சாம்பல் பச்சையாய், நூல் நூலாய், தாடி தொங்கிக்கொண்டிருந்தது. பிரஷ் கீழே விழுந்தது. தோரணத்துக்கு மாவிலை பறிக்க வருஷா வருஷம் ஓனர் நேரில் வருவார். விடிந்தால் வந்து நிற்பார். மரத்துக்கு ஏதோ சீக்கு என்று நானே தீர்ப்பு எழுதி, மனதுக்குள் சாமான்களை டெம்போவில் ஏற்றவும் ஆரம்பித்துவிட்டேன். பீரோ வாசலில் சிக்கிக்கொண்டதற்குக் கூலிக்காரரோடு சண்டைகூடப் போட்டாயிற்று.

"குருமாவுல போடற கல்பாசி மாதிரிதான் இருக்கு. விடுங்க," என்றாள் மனைவி.

"வீடு போகப்போவுது, உனக்குக் குருமா கேக்குதா?"

கத்தி வைத்தால் பட்டை உரியும். எனவே என் ஷேவிங் செட்டையே எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். கிளை கிளையாக வெந்நீர் தொட்டு, நுரை தடவி, கீறல் விழாமல் மழித்தேன். என் முகத்துக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. ஏணியைப் பிடித்திருந்த மனைவி, "கிருதா வெக்கணுமான்னு மரத்தைக் கேட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் ஓனர் தனியாக வரவில்லை. கூட வந்தவர் அவருடைய வாக்கிங் சிநேகிதர், தாவரவியல் பேராசிரியர். கழுத்தில் கேமரா.

"எல்லி ஹோய்த்தப்பா? தாடி எங்கே போச்சு?" என்று அதட்டினார் ஓனர்.

"சீக்கு சார். சுத்தம் பண்ணிட்டேன்."

"அய்யோ தேவ்ரே, கடவுளே! காத்து நல்லா இருந்தாத்தான்ப்பா அது வளரும். ஏரியாவுலயே நம்ம மரத்துலதான் இருக்குன்னு பார்க் பூரா பீத்திக்கிட்டு, இவரை போட்டோ எடுக்கக் கூட்டிட்டு வந்தேன்!"

பேராசிரியர் தாழ்ந்த கிளையொன்றைத் தடவி முகர்ந்தார். "சந்தன வாசனை வருது," என்றார்.

மனதுக்குள் டெம்போவை மறுபடி கூப்பிட்டேன். "எப்போ காலி பண்ணணும் சார்?"

ஓனர் சிநேகிதரிடம் திரும்பினார். "திரும்ப வளர எத்தனை நாளாகும்?"

"நாளா? வருஷக்கணக்காகும்."

"கேட்டியா?" என்று என்னிடம் விரலை நீட்டினார். "அது பழையபடி தொங்கற வரைக்கும் நீ இந்த வீட்டை விட்டு அசையக்கூடாது. மரத்தை இப்படி விட்டுட்டு ஓடலாம்னு பாக்காதே!"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயுள் தண்டனை கிடைத்த சந்தோஷத்தில் நான் மாவிலை பறிக்க ஏணியில் தாவி ஏறினேன். கீழேயிருந்து ஓனர் கத்தினார்:

"இலையை மட்டும் பறி! வேற எதையும் செரைக்காதே!"