துண்டுக்கடியில் ஒரு தெலுங்குப் பரீட்சை

தெலுங்கில் என்னை மிஞ்ச நகரியில் ஆளே கிடையாது. சரி, அது பொய். நகரியில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்தே தெலுங்கு பேசுகிறவர்கள். மீதிப் பாதியில் நான் கடைசி.

காலை ஆறு மணிக்கு பஸ். திருப்பதி முப்பது மைல், சார்ஜ் ஒன்றேகால் ரூபாய். ஆந்திரா தனி மாநிலமாகி மூன்றாவது வருஷம். எல்லைக்கோடு எங்கே விழும் என்று பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்க, பஸ் முதலாளிகள் தெலுங்கு தெரிந்த கண்டக்டரைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். அந்த வேலை கேட்டுத்தான் அன்று போனேன். கிளம்பும்போது என் மனைவி சொன்னாள்: "இந்த வாட்டியும் வேல இல்லாம வந்தீன்னா, நான் எங்க நைனா வூட்டுக்குப் போயிடுவேன்."

ஏழு மணி, புத்தூர். புடவை மூட்டையோடு ஒரு நெசவுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன்.

"தெலுங்கு எங்க கத்துக்கின?"

"பலமனேர் மாட்டுச் சந்தைல தரகர் கூட மூணு வருசம் சுத்திக்கினு இருந்தேண்ணா. அப்பால வாத்தியார்கிட்ட ரெண்டு மாசம்."

"சந்தைல இன்னா வந்துச்சி?"

"பல்லு பாக்க, ஆள திட்ட."

"வாத்தியார்கிட்ட?"

"எழுத்து முழுசா. எண்ணு அடுத்த பொஸ்தகமாம்."

"அப்போ மாட்டுக்கு டிக்கெட்டு குடு, போ!"

அவர் சிரித்தார். சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் கையைப் பிடித்து, விரலை அழுத்திச் சொல்வார்கள். மூன்று வருஷத்தில் என் காதில் ஒரு தெலுங்கு எண்கூட விழவில்லை என்பது வடமாலைப்பேட்டை தாண்டும்போதுதான் உறைத்தது.

பத்து மணி, திருப்பதி பஸ் ஷெட். நகரியிலிருந்து புத்தூருக்கு நாலு பேருக்கு எவ்வளவு என்று முதலாளி தெலுங்கில் கேட்டார். தெலுங்கு நாலும் நம் நாலு போலவே இருந்ததால் கேள்வி புரிந்தது. ஒன்றரை ரூபாய் என்று விடையும் தெரிந்தது. அதைத் தெலுங்கில் சொல்லத்தான் தெரியவில்லை. கை தானாகத் தோள் துண்டை உருவி முதலாளியின் கைமேல் போட்டுவிட்டது. உள்ளே அவருடைய ஒரு விரலை முழுசாகவும் அடுத்ததைப் பாதியாகவும் அழுத்தினேன்.

பக்கத்து மேஜையிலிருந்த கணக்குப்பிள்ளை பதறி எழுந்தார். முதலாளி கையை இழுக்கவில்லை.

"ஏ சந்த்தரா?"

எந்தச் சந்தை என்கிறார். "பலமனேரு" என்றேன்.

"மா நாயன அக்கடே எத்துலு அம்மேவாடு."

அவருடைய அப்பா அங்கே காளை விற்றவராம். துண்டுக்கடியில் அவர் விரல்கள் என் விரல்களைத் தேடிப் பிடித்தன. இப்போது பேரம் என் மாசச் சம்பளத்துக்கு! நான் ஒரு விரல் கூட்டினேன். அவர் அரை விரல் குறைத்தார். கடைசியில் எவ்வளவுக்கு முடிந்தது என்றால்...

இதோ, அதற்குள் எங்கள் டிரைவர் ஹாரனை அழுத்துகிறார்: "யோவ் கண்டக்டரு, இன்னா கத சொல்லிக்கினு கீற? வண்டி ரொம்பிப் போச்சி, வந்து டிக்கெட்டு போடுய்யா!"