அறுந்து அறுந்து வந்த முகம்

அண்ணன் வளைகுடாவுக்குக் கிளம்பிய அன்று அப்பா அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை, "இனிமே என் மூஞ்சில முழிக்காத." வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டான் என்ற கோபம். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கோபத்துக்கு வராது.

சில வருடங்களில் அப்பாவுக்குத் தொண்டையில் புற்று வந்தது. வேலூரில் அறுவை செய்தார்கள். உயிர் கொஞ்சம் நீண்டது, குரல் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அண்ணனைக் கேட்க ஆரம்பித்தார். உதடு மட்டும் அசையும்: பெரியவன் எங்கே?

குரலில்லாதவருக்கு டெலிபோன் எதற்கு? அண்ணனின் பாஸ்போர்ட் முதலாளியின் கையில் இருந்தது, வர வழியில்லை. வீடியோவில் முகம் பார்க்க மிச்சமிருந்தது என் லேப்டாப். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான், வைரஸ் தொல்லை தாங்காமல் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு, அதைப் பற்றி ஆரணி முழுக்கப் பீற்றிக்கொண்டும் திரிந்தேன். மோடம் முன்கூடத்தில் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா பின்னறைக் கட்டிலில். இரண்டுக்கும் நடுவே வைஃபை.

அந்த வைஃபை உயிரை வாங்கியது. அண்ணன் முகம் வரும், "அப்பா" என்பான், அப்படியே உறைந்துவிடும். அந்த அசையாத முகத்தைப் பார்த்து அப்பா கையை உயர்த்திக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் இணைப்பு தானாக வரும், மறுபடி போகும். எப்போது போகும் என்று ஒரு கணக்கும் கிடையாது. லேப்டாப் தானே எழுதிவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று மட்டும் இருக்கும். அது எனக்கே தெரியுமே! வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், லினக்ஸின் கெர்னலையே மாற்றினேன். இணையத்தில் கேட்டதற்கு எங்கோ ஒரு புண்ணியவான், வைஃபை கார்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கிப்போகிறது, அந்த வசதியை நிறுத்து என்றார். நிறுத்தினேன். அன்று பகல் முழுக்க இணைப்பு அறுபடவே இல்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சரியாயிடுச்சுண்ணா. வெள்ளிக்கெழம உக்காந்து நல்லா பேசு."

அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அம்மா அப்பாவுக்கு முகம் மழிக்க ஏற்பாடு செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தாள். அண்ணன் வந்தான். திரையில் அவனைக் கண்டதும் அப்பாவின் உதடு அசையத் தொடங்கியது. இணைப்பு போய்விட்டது. வந்தது, உடனே போனது.

"என்னாடா இது பேஜாரு? அவரு கைய தூக்கிகினு உக்காந்துகினு இருக்காரு பாரு."

"இரும்மா, வந்துடும்!" என்று அம்மா மேல் எரிந்து விழுந்தேன்.

வரவில்லை. அப்பா கையை இறக்கிக்கொண்டார். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார்: அவன்தான் அறுக்கிறான். அவனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மிஷினில்தான் கோளாறு என்று எத்தனை முறை சொன்னேன்! சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதை அண்ணனிடம் போனில் சொன்னபோது அவன் அழுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அப்பா போய்விட்டார்.

செய்தி கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரர் தன் விசைத்தறிகளை நிறுத்தினார். அவரைப் பார்த்து எதிர்வீட்டிலும் நிறுத்தினார்கள். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை யாரும் தறி ஓட்டமாட்டார்கள். அப்பாவைக் கூடத்தில் கிடத்தி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தேன். அண்ணன் வந்தான். திரையிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விசைத்தறி மோட்டார் கிளம்பும்போதெல்லாம் தெருவில் கரண்ட் ஒரு கணம் சோர்ந்து, டியூப்லைட் சிமிட்டும். பிறந்ததிலிருந்து பார்க்கிற சிமிட்டலை யார் கவனிப்பார்கள்? லேப்டாப்புக்குப் பேட்டரி இருந்தது, மோடத்துக்கு இல்லை. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அது முன்கூடத்தில் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டதென்று நான் குதித்த நாள் அமாவாசை. அமாவாசையில் இங்கே தறி ஓடாது.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது? பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்.

"இப்ப மட்டும் எப்பட்றா இவ்ளோ தெளிவா தெரியுது?" அண்ணன் கேட்டான்.

"தெருவுல தறிய நிறுத்திட்டாங்கண்ணா."

அவனும் இந்தத் தெருவில் பிறந்தவன்தான். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் அறுக்கலன்னு அவருகிட்ட சொன்னியாடா?"

"சொன்னேண்ணா."

"நம்புனாரா?"

லேப்டாப்பை அப்பாவின் முகத்துக்கு இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தேன்.