கோரைக்குள் இருந்த காட்டுப்பூனை

திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் கரும்புக் கொல்லை இருக்கிறது. வீடும் கொல்லையிலேயேதான். போன மாசியில் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சத்தமும் கேட்கவில்லை, ஒரு சொட்டு ரத்தமும் கிடக்கவில்லை.

புல் அறுக்க வரும் காலனி அக்கா மேல் என் மாமியாருக்குச் சந்தேகம். எங்கள் மாட்டுக்கு ஒரு கட்டு அறுத்துப் போட்டுவிட்டு, தன் ஆடுகளுக்கு ஒரு கட்டு எடுத்துப் போவார் அவர். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மாமியார் சொன்ன பிறகு, அக்கா கோழிகளைத் தாண்டி நடந்தால் என் கண்ணும் கூடவே போனது.

ஒரு நாள் அவர் கட்டைத் தலைக்குத் தூக்கும்போது மாமியார் வழிமறித்தார்.

"எறக்கு. உள்ள இன்னா கீதுன்னு பாக்கணும்."

அக்கா கட்டைக் கீழே போட்டு, தானே கயிற்றை அவிழ்த்து, புல்லைப் பிடி பிடியாக உதறிக் காட்டினார். புல்லைத் தவிர ஒன்றுமில்லை. திரும்பக் கட்டிக்கொண்டு போனவர் மறுநாள் வரவில்லை.

புல் அறுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஏரி வற்றிய ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கோரை. ஈரச் சேற்றில் கால்தடங்கள் கிடந்தன. நகம் பதியவில்லை, அதனால் நாயாக இருக்காது. பூனை என்றால் இவ்வளவு பெரிதா? குனிந்து அறுக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஏதோ நிற்பது போலவே இருந்தது.

ஒரு காலையில், வெயில் ஏறிய பிறகு, அதைப் பார்த்தேன். காய்ந்த கோரையின் நிறம், உடம்பில் புள்ளி இல்லை. நீண்ட கால்கள், குட்டையான வாலில் கறுப்பு வளையங்கள், காது நுனியில் சிறு மயிர்க் குஞ்சம். தண்ணீருக்குள் காலை வைத்து அசையாமல் நின்றது. சட்டென்று வரப்பின் மேல் பாய்ந்து எலி ஒன்றைக் கவ்விக்கொண்டு மறைந்தது.

வீட்டில் சொன்னேன். "எலி புடிக்கிற பூனை கோயியத் தூக்குமா? நீ அவளுக்குப் பரிஞ்சு பேசறே," என்றார் மாமியார். இப்போது என்மேலும் சந்தேகம்.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானம், வடகம் உலர்த்திக்கொண்டிருந்த அவர் கண்ணெதிரிலேயே ஒரு பெட்டைக்கோழியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு அந்தப் பூனை கரும்புக்குள் நுழைந்தது.  மறுநாள் மாமியார், "போய் அவளக் கூப்புடு," என்றார்.

போனேன். அக்கா ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"இன்னொரு தபா கோயி காணாப் போனா, பூனை வந்து எனக்கு சாட்சி சொல்லுமாம்மா?" என்றார். "வேற வூட்ல வேல கெடச்சிடுச்சி. நீ போ."

 திரும்பிவிட்டேன். அவர் பிறகு வரவேயில்லை.

கோழிகளுக்கு வலை அடித்துக் கூண்டு கட்டினோம். "சுருக்கு வெச்சுட்டா தீந்துது," என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஏரிப்பக்கத்தில், இரண்டு கரும்பு வரிசைகளுக்கு நடுவே, சருகுக் குவியலுக்குள், கண் திறந்து சில நாளே ஆன மூன்று குட்டிகளைக் கண்டேன். தாய்க்கு இல்லாத வரிகள் அவற்றின் உடம்பில் மங்கலாக ஓடின. தொடாமல் வந்துவிட்டேன். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. யாரையும் நம்ப முடியவில்லை.

கரும்பு வெட்ட ஆள் வந்தபோது, "ரோட்டுப் பக்கத்துலேர்ந்து வெட்டுங்க, லாரிக்கு ஏத்த வசதியா இருக்கும்," என்றேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏன் என்று கேட்காமல் ஆட்களை அந்தப் பக்கமே அனுப்பினார்.

ஏரிப்பக்கத்துக் கரும்பை வெட்டும் நாளில் விடிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தேன். சருகு மட்டும் கிடந்தது. சேற்றில் கோரையை நோக்கி ஒரு தடம், போய் வந்து, போய் வந்து, பாதையாகவே ஆகியிருந்தது.