கோணலாக வெட்டிய படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மகளே, என் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும். ர, ற மாறியிருந்தால் திருத்திப் படித்துக்கொள். ஐந்தாவது வரை நான் படித்தது கன்னடம். தமிழ் எழுத்து காலண்டரைப் பார்த்து நானாகக் கற்றது. பழைய செய்தித்தாள்களைக் கணினியில் தேடி நம் குடும்பக் கதையைச் சேர்க்கிறாய். என் தாத்தாவின் படம் ஏன் செய்தித்தாளில் வெட்டியது, அதன் அடிப்பக்கம் மட்டும் ஏன் கோணல் என்று கேட்டாய். நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

அம்மாவைப் பெற்ற அந்தத் தாத்தா, நான் பிறப்பதற்கு முந்தைய தசராவின்போது வீட்டைவிட்டுப் போனவர். குண்டலுபேட்டைக்கு வேலை தேடிப் போய் வழி தவறிவிட்டார் என்று மாமா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த ஒரே படத்தை ‘காணவில்லை’ விளம்பரத்துக்காக மாமா பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்து, வாசகத்தையும் தானே சொல்லி எழுதவைத்தார். படமும் திரும்பவில்லை, தாத்தாவும் திரும்பவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மா பிடிவாதமாக நின்றாள்.

“அப்பன் மொகத்தைக் கும்பிடாம எப்படிண்ணா இவளை அனுப்பறது? மாலையெல்லாம் போட வேண்டாம். மொகம் இருந்தாப் போதும்.”

மாமா கொத்தனார், எழுதப் படிக்கத் தெரியாது. நூலகத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். தேதி படிக்க நான், முகம் தேட அவர்.

“யாவ வருஷ?” என்று கேட்டார் நூலகர்.

மாமா என்னைப் பிடித்து முன்னால் தள்ளி, இவன் பிறப்பதற்கு முன்னால் வந்த தசரா என்று கன்னடத்தில் சொன்னார். நூலகர் சிரித்துவிட்டு, என் வயதைக் கேட்டுக் கழித்து, தடிமனான ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டார்.

மூன்றாம் நாள்தான் மாமாவின் விரல் நின்றது. தலைப்பாகை, குழிந்த கன்னம்.

“என்ற அப்பன்டா கண்ணு.”

சொன்ன கையோடு படத்துக்குக் கீழே இருந்த எழுத்துகளை உள்ளங்கையால் மூடினார். வகுப்பிலேயே வேகமாகப் படிப்பவன் நான். அதற்குள் படித்துவிட்டேன். நூலகர் டீ குடிக்கப் போனதும் மாமா மடியிலிருந்து பிளேடை எடுத்தார். மூன்று பக்கமும் சுவர் போல நேராக வெட்டினார். எழுத்து இருந்த பக்கத்தில் மட்டும் பிளேடு கோணலாக ஓடியது.

வீட்டில் அம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லோரும் மாமாவையே மெச்சினார்கள். தேதி படித்தவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனவே சாப்பாட்டு நேரத்தில் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, படத்துக்குக் கீழே கன்னடத்தில் இருந்ததைத் தமிழாக்கி, பாடம் ஒப்பிப்பது போல் ஒப்பித்தேன்: “அப்பா, கை ஓங்கினது என் தப்பு. எங்கே இருந்தாலும் வாங்க. இனி எதிர்த்துப் பேச மாட்டேன். உங்கள் மகன்.”

மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“நாலாவது படிக்கற வாய்க்குக் கொழுப்பைப் பாரு! எழுத்துக்கூட்டத் தெரியாமப் படிச்சுட்டு வந்து ஒளறறான். நீ சாப்பிடுண்ணா, ரசம் ஆறுது.”

“நான் சரியாத்தான் படிச்சேன்!”

“தப்புன்னு சொல்லுடா.”

அம்மா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. “தப்புத்தான்” என்று அழுதேன். மாமா தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். நிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்கு வாய் வராது. எனக்குப் படிப்பு ஏறவில்லை என்பதை அம்மாவே கண்டுபிடித்துவிட்டாள் என்று நம்பினேன். அம்மாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா, மாமா இருவரும் இப்போது இல்லை, அதனால் எழுதுகிறேன். உன் கணினியில் வரும் தாள்களில், தசராவை ஒட்டி, ஜன்னல் போல ஓட்டை விழுந்த பக்கம் ஒன்று அகப்பட்டால் அதுதான். ஓட்டைக்குக் கீழே படித்துப் பார். நான் ஒரு எழுத்தையும் தப்பாகப் படிக்கவில்லை.

மைசூரு,
ஆவணி ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.