நாலு ஸ்டார் வீடு

இரண்டாயிரத்து ஒன்பதில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி ஒரு விதவை குறைந்த வாடகைக்கு, பயமில்லாமல் குடியிருக்க வீடு தேடுவது லேசுப்பட்ட காரியமா? சாராளைக் கேளுங்கள், காது புளிக்கச் சொல்வாள்.

கம்பெனி கேன்டீனில் ராத்திரிச் சமையல் அவள் வேலை. மாலை ஏழுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் காலை ஏழுக்குத்தான் திரும்புவாள், ஞாயிறு கூட லீவு கிடையாது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் பிரின்சி அதுவரை தனியாக இருக்க வேண்டும். இருந்த வீட்டிலோ கக்கூஸ் தெருவைத் தாண்டி. பெற்றவளுக்கு எப்படி அடுப்படியில் கை ஓடும்?

பிரின்சிதான் வழி சொன்னாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் வாடகை வீட்டின் படமும், அங்கே குடியிருந்தவர்கள் எழுதிய கருத்தும் பார்க்கலாமாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தாயும் மகளும் போனார்கள். ஒரு வாரமா, இரண்டு வாரமா? மூன்று மாதம்! அஞ்சு ஸ்டார் வாங்கிய வீட்டில் கூரை ஒழுகியது. சொர்க்கம் என்று எழுதியிருந்த இன்னொன்றில் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை.

“ஓனரே எழுதிக்கினு அவனே ஸ்டார் போட்டுக்கிறான், கட்டைல போறவன்!” என்று சாராள் கரித்துக் கொட்டினாள்.

அப்புறம் உஷாரானாள். குறையே சொல்லாத கருத்தை நம்பக்கூடாது என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அப்படிச் சிக்கியதுதான் லோகு என்பவன் எழுதியது. பிரின்சி படித்துச் சொன்னாள்: நாலு ஸ்டார். நாலு வருஷமாக மாடியில் இருக்கிறேன். தண்ணீர் உப்பு. மற்றபடி ஒரு சத்தம் கிடையாது, நிம்மதியாகத் தூங்கலாம்.

“பொய் சொல்றவன் தண்ணி உப்புன்னு ஏன்டி சொல்லப் போறான்?” என்றாள் சாராள். நேரிலும் ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தாள். ஈ, காக்கை இல்லை. அடுத்த வாரமே கீழ்வீட்டில் குடியேறினார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, வீடு பெருக்கும்போது கதவருகே தரையில் வளைவு வளைவாகக் கீறல்களைப் பார்த்தாள். சமையலறையிலிருந்து கேஸ் சிலிண்டரை இழுத்து வந்த தடம்.

“இன்னாடி இது?”

பிரின்சி தலையைக் குனிந்துகொண்டாள். “பின்னாடி ஊட்ல ராத்திரில பாட்டில் விக்கிறாங்கம்மா. குடிகாரனுங்க ஊடு தெரியாம நம்ம கதவ தட்றானுங்க. அதான் சிலிண்டர முட்டுக் குடுத்து வச்சிக்கினு இருக்கேன். நீ வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்.”

“அடிப்பாவி! எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“மூணு மாசம் அலைஞ்சியே. மறுபடியும் உன்ன அலைய உடணுமான்னுதான்.”

சாராள் கையில் துடைப்பத்தோடு மாடியேறினாள். லோகு அப்போதுதான் வேலை முடிந்து வந்து பாய் விரித்துக்கொண்டிருந்தான்.

“சத்தமே கெடையாதுன்னு எழுதுனியே, மனசாட்சி இருக்குதா உனக்கு? ஒரு நாளாவது ராத்திரில இந்த ஊட்ல படுத்திருக்கியா?”

லோகு திருதிருவென்று விழித்தான். “இல்லக்கா. நாலு வருஷமா எனக்கு நைட் ஷிப்டுதான், லீவுன்னா ஊருக்குப் போய்டுவேன். பகல்ல நல்லா தூக்கம் வருது, அதத்தான் எழுதுனேன். சத்தியமா பொய் இல்லக்கா.” பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டான்: “ஏங்க்கா, ராத்திரில இங்க எப்படி இருக்கும்? நீங்க இருந்திருப்பீங்களே?”

இந்த இரண்டு மாதத்தில் சாராளும் ஒரு ராத்திரி கூட அந்த வீட்டில் இருந்ததில்லை.